அஞ்சு கண்ணு ரிவால்வரைத் தேடி

வியாழன், தருமபுரி

பழைய ரிவால்வர் சேகரிக்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் என் இடுப்பைத்தான் பார்க்கிறார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரு ரிவால்வர்கூடக் கிடையாது. நான் சேர்ப்பதெல்லாம் அதைச் சுற்றியிருந்த சாமான்கள். கருமருந்து கொட்டி வைக்கும் செம்புக் குடுவை, கேப் (துப்பாக்கி மருந்தைப் பற்றவைக்கும் சின்னச் செப்புத் தொப்பி) இருந்த காலித் தகர டப்பா, ரிவால்வரை வைத்து விற்ற மரப்பெட்டி, பழைய லைசென்ஸ் தாள் இப்படி. யார் வீட்டிலாவது, ஏதாவது மியூசியத்திலாவது அசல் ஒன்று கண்ணில் பட்டால் அதன் முத்திரைகளையும் நம்பர்களையும் படம் எடுத்து நோட்டில் ஏற்றிக்கொள்வேன். அவ்வளவுதான் என் சேகரிப்பு.

இப்படி ஆனதற்குக் காரணம் சட்டம். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, வழக்கொழிந்த மாதிரியாகவோ தொல்பொருள் மதிப்பு உள்ளதாகவோ இருக்கிற ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. படிக்கிறபோது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அதே வரியில், ரிப்பேர் செய்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதாவது எண்ணெய் போட்டுப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய 1855-ஆம் வருட ரிவால்வருக்கு லைசென்ஸ் வேண்டும். கிணற்றில் கிடந்து துருப்பிடித்து இறுகிப்போனதற்கு வேண்டாம். சேகரிப்பவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு இல்லை. ஈயக் குண்டு வார்க்கும் அச்சைக்கூட நான் தொடுவதில்லை. தோட்டா தயாரிக்கும் கருவிகளும் சட்டத்தின் வரையறைக்குள் வந்துவிடும் என்று வக்கீல் நண்பர் சொன்னார். எதுக்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

ராயக்கோட்டையில் ஒரு வீட்டில் வெள்ளைக்காரன் காலத்துத் துப்பாக்கிப் பெட்டி இருக்கிறதாக நண்பன் ஃபோனில் சொன்னான். அவன் மாமனார் வழியில் சொந்தம். அதற்காகத்தான் இந்தப் பக்கம் கிளம்பினேன். பெட்டி நாளைக்கு. இன்று தருமபுரியில் அகழ்வைப்பகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் நடுகற்களின் ஊர். மாட்டைக் கவர வந்தவனோடும் மீட்கப் போனவனோடும் நடந்த சண்டையில் விழுந்தவர்கள், கையில் வில்லோடும் குறுவாளோடும் கல்லில் நிற்கிறார்கள். எந்த ஆயுதம், எந்தக் கையில், உடம்பில் எத்தனை அம்பு தைத்திருக்கிறது என்பதுவரை சிற்பி கவனமாகச் செதுக்கியிருக்கிறான். ஆயுதத்தை இவ்வளவு அக்கறையாகப் பதிவு செய்த மண்ணில், நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ரிவால்வர் ஒன்றைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டு தேடி அலைகிறேன்.

இங்கே துப்பாக்கிக் கதை என்றால் எல்லோரும் திப்புவில்தான் ஆரம்பிப்பார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி கும்பெனி கைக்குப் போனது. கேப்டன் ரீடுக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் நிலவரி வேலை பார்த்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் வைத்திருந்தார். அவர் காலத்துச் சிப்பாய் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. கல் இரும்பில் உரசும், பொறி பறக்கும், வெளியே ஒரு தட்டில் கிடக்கும் மருந்து முதலில் எரியும், அதன் நெருப்பு துளை வழியாக உள்ளே போகும். மழை வந்தால் கதை முடிந்தது. ஸ்காட்லாந்தில் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார், பறவை வேட்டைப் பிரியர். தட்டில் நெருப்பு மின்னியதுமே பறவை சுதாரித்துப் பறந்துவிடுகிறதே என்ற எரிச்சலில் யோசிக்க ஆரம்பித்து, அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807-ல் காப்புரிமை வாங்கினார். பிற்பாடு அந்த வகை ரசாயனம் சின்னச் செப்புத் தொப்பிக்குள் போய் அடைந்துகொண்டது. அதுதான் கேப். அன்று அதன் உள்ளே இருந்தது பாதரச ஃபல்மினேட்.

மன்றோ 1827-ல் இறந்தார். கேப் இந்தியாவின் பட்டாளங்களுக்கு வந்து சேர்ந்தது அதற்கப்புறம்தான். நான் தேடும் ரிவால்வர்கள் எல்லாம் இந்தச் செப்புத் தொப்பியின் பிள்ளைகள். சுழலும் உருளையில் ஐந்து அறையோ ஆறு அறையோ. ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்து, அதன்மேல் ஈயக் குண்டு. பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முளை, முளைமேல் ஒரு கேப். குதிரை என்கிற சின்னச் சுத்தியல் வந்து தட்டினால் வெடிக்கும். சக்கிமுக்கியை வைத்துக்கொண்டும் சிலர் சுழல் துப்பாக்கி செய்துதான் பார்த்தார்கள். கேப் வந்த பிறகுதான் அது கைக்கு அடங்கிய, நம்பி எடுத்துப் போகக்கூடிய சாமான் ஆனது. 1860-களில் பித்தளைத் தோட்டா பரவி 1870-களில் இதன் காலத்தை முடித்துவிட்டது. மொத்தம் ஒரு தலைமுறை ஆயுசு.

வெள்ளி, ராயக்கோட்டை

பாலக்கோடு வழியாக ரயில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தக்காளிக் கூடை ஏற்றிய வண்டிகள். மண்டி நாள் போல. மலைமேல் கோட்டை தெரிகிறது. 1791 ஜூலையில் கும்பெனியின் மேஜர் கௌடி படை பிடித்த கோட்டை அது. ஏறவில்லை. மனசு பெட்டியில் இருந்தது.

வீட்டுப் பெரியவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். "வாங்க தம்பி, துப்பாக்கிக்காரரு நீங்கதானா" என்றார். அம்மா நிப்பட்டும் காபியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டு பாருங்க, பொட்டி எங்கயும் ஓடிப்போயிராது" என்றார். எனக்குத்தான் இறங்கவில்லை.

பேரன் பரணில் இருந்து பெட்டியை இறக்கினான். துணியை விலக்கியதும் மனசு கொஞ்சம் சுருங்கியது. உள்ளே ரிவால்வர் இல்லை. பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய தடுப்புகள், அதில் ஒரு செம்புக் குடுவை, ஒரு தகர டப்பா, மடித்த காகிதங்கள். அவ்வளவுதான். பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அது போயி இருவத்தஞ்சு வருசம் ஆச்சு தம்பி. உங்க சிநேகிதன் சொல்லலியா?" என்றார். சிநேகிதனை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று டார்ச்சை எடுத்தேன்.

காலிப் பெட்டியும் பேசும். பிரெஞ்சுக்காரர்கள் பெட்டியின் உட்புறத்தைத் துப்பாக்கியின் உருவத்துக்கே குடைந்துவிடுவார்கள். இங்கிலீஷ்காரர்கள் நேர்த் தடுப்புகள் வைத்து அறை அறையாகப் பிரிப்பார்கள். இது இரண்டாவது வகை. பெரிய அறையை டேப் வைத்து அளந்தேன். ஒரு அடியை ஒட்டி வந்தது. குதிரைப்படைக்காரர்களுக்கென்று செய்த பெரிய சைஸ் இதில் படுக்காது. நடுத்தர சைஸ்தான்.

மூடியின் உட்புறத்தில் லேபிள். கரையான் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிச்சம் இருந்த மூலையில் 'டீன்' என்ற பெயரின் வால், அதற்குக் கீழே 'கிங் வில்லியம் ஸ்ட்ரீட், லண்டன் பிரிட்ஜ்'. படித்ததும் காபியைத் தள்ளி வைத்தேன். 30, கிங் வில்லியம் ஸ்ட்ரீட், லண்டன் பிரிட்ஜ் என்பது டீன், ஆடம்ஸ் அண்டு டீன் கடையின் முகவரி. நடுவில் இருக்கிற ஆடம்ஸ்தான் ராபர்ட் ஆடம்ஸ். இங்கிலாந்தில் ரிவால்வர் செய்து, அமெரிக்க ரிவால்வர் தயாரிப்பாளர் கோல்ட்டுக்கு எதிராக நின்ற ஆள்.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1851-ல் லண்டனில் நடந்த பெரிய பொருட்காட்சிக்கு சாமுவேல் கோல்ட் தன் ரிவால்வர்களை வரிசையாக அடுக்கிக்கொண்டு வந்தார். அதே பொருட்காட்சியில் ஆடம்ஸும் தன்னுடையதை வைத்தார். கோல்ட் ரிவால்வரில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் குதிரையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், பிறகு விசையை அழுத்த வேண்டும். உருளைக்கு மேலே இரும்புப் பாலம் கிடையாது. குழல் தனியாக வந்து ஓர் ஆப்பின் பிடியில் நிற்கும். ஆடம்ஸ் குழலையும், உருளையைத் தாங்கும் சட்டகத்தையும் ஒரே இரும்பில் அடித்துச் செய்தார். விசையை அழுத்தினால் போதும், உருளை சுழன்று குதிரை தானே எழும்பித் தானே விழும். குதிரையில் கட்டைவிரலுக்கான கொக்கியே இருக்காது. ஆறுக்குப் பதில் ஐந்து அறை, ஆனால் குண்டு பெரிசு. கோல்ட்டின் 'நேவி' என்ற மாடல் .36 அங்குலம். ஆடம்ஸின் நடுத்தர சைஸ் 54 போர், அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் 54 குண்டு வார்க்கலாம், கிட்டத்தட்ட .44 அங்குலம்.

கோல்ட் சும்மா இருக்கவில்லை. லண்டனில் தேம்ஸ் கரையில் பிம்லிகோவில் 1853-ல் தொழிற்சாலையே போட்டார். நாற்பதாயிரத்துக்கு மேல் நேவி ரிவால்வர்கள் அங்கே தயாராயின. எல்லாம் மெஷின் வேலை. ஆடம்ஸ் கடையில் கைவேலை அதிகம். எது உசத்தி என்று அன்றைய பட்டாள அதிகாரிகள் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டார்கள். தூரத்தில் குறி பார்க்க கோல்ட், நெருக்கத்தில் மேலே வந்து விழுகிறவனை நிறுத்த ஆடம்ஸ் என்பது பொதுவான பேச்சு. என் கட்சி ஆடம்ஸ். கோல்ட் பார்க்க அழகு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பெட்டியில் இருந்தது அந்தக் கடைச் சரக்குத்தானா? கடை லேபிள் ஒட்டிய பெட்டிக்குள் வேறு எதையும் வைத்திருக்கலாமே. பெரியவரிடம், "ஐயா, அது எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். நானாக எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. கேள்வியிலேயே பதிலைச் சொல்லிவிட்டால் எல்லாப் பெரியவர்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

"அதுக்கு அஞ்சு கண்ணு தம்பி. ஆயுத பூஜை அன்னிக்கு எங்க பாட்டி ஒவ்வொரு கண்ணுக்கும் சந்தனம் வெச்சு குங்குமம் வெப்பாங்க. நான் சின்னப் பையன், யாரும் பாக்காதப்ப எடுத்து அமுக்கிப் பாப்பேன். அமுக்க அமுக்க அந்த மூக்கு தானா மேல வந்து டக்குனு விழும். ரெண்டு கையாலயும் அமுக்கணும், அவ்ளோ கெட்டி."

"அந்த மூக்கைக் கையால இழுக்க முடியாதா?"

"எங்க இழுக்கறது? மொட்டையா இருக்கும். பிடியே கிடையாது."

ஐந்து அறை, மொட்டைக் குதிரை, அழுத்தினால் தானே எழும்பும் விசை. ஆடம்ஸின் 1851 மாதிரி. பியூமான்ட் என்ற பட்டாள அதிகாரியின் யோசனைப்படி 1856-ல்தான் கொக்கி வைத்து இரண்டு விதமாகவும் சுடும்படி மாற்றினார்கள். அதே வருடம் ஆடம்ஸும் டீன்களை விட்டுப் பிரிந்து லண்டன் ஆர்மரி கம்பெனிக்குப் போய்விட்டார். ஆக இந்தப் பெட்டி 1851-க்கும் 1856-க்கும் நடுவில் கிங் வில்லியம் ஸ்ட்ரீட் கடையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். கரையான் விட்டுவைத்த ஒரு மூலையும் ஒரு சிறுவனின் திருட்டு விளையாட்டும் சேர்ந்து இவ்வளவு சொல்லிவிட்டன. (வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து யாரும் அமுக்கிப் பார்க்காதீர்கள். ஈரம் படாத கருமருந்து நூறு வருடம் கழித்தும் எரியும். மருந்தும் குண்டும் அடைத்தபடியே பரணில் கிடந்த துப்பாக்கிகள் உலகம் முழுக்க அகப்பட்டிருக்கின்றன.)

எப்படி இங்கே வந்தது? குடும்பத்துக் கதைப்படி, பெரியவரின் பாட்டனாருக்குப் பாட்டனார் ஒரு துரையிடம் பட்லராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனார். இந்த மாதிரிக் கதைகளில் துரை எப்போதும் தாராளமாகத்தான் இருப்பார், நான் பாதிதான் நம்புவேன். ஆனால் இங்கே நடந்திருக்கக்கூடியதுதான். ராயக்கோட்டையில் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரப் பட்டாளத்தார் குடியிருந்திருக்கிறார்கள். ஓசூர் பக்கம் மத்திகிரியில் 1824-லேயே பட்டாளத்துக் குதிரைப் பண்ணை. அதிகாரிகள் ரிவால்வரை அவரவர் காசில்தான் வாங்கினார்கள், சர்க்காருக்குத் திருப்பித் தர வேண்டியதில்லை. பித்தளைத் தோட்டா வந்த பிறகு கேப் ரிவால்வரை யாரும் சீந்தவில்லை. கப்பலில் சுமந்துகொண்டு போவதற்குப் பட்லரிடம் கொடுத்துவிட்டுப் போவது லேசு.

காகிதங்களில் ஒன்று பெரியவரின் தாத்தா பெயரில் இருந்த லைசென்ஸ். ஓரமெல்லாம் வருடா வருடம் புதுப்பித்த முத்திரை. 1878-ல் வந்த ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியருக்கு விலக்கு இருந்தது, நம்மவர் வைத்திருந்தால் லைசென்ஸ் வேண்டும். துரை கையில் இருந்தவரை ஒரு தாளும் கேட்காத அதே சாமான், பட்லர் வீட்டுக்கு வந்ததும் வருடத்துக்கு ஒரு முத்திரை கேட்டது.

செம்புக் குடுவை தங்கம் மாதிரி மின்னியது. அம்மா பெருமையாக, "வருசா வருசம் பூஜைக்குப் புளி போட்டு வெளக்கிருவேன்" என்றார். நூற்றி எழுபது வருடத்தில் செம்பின்மேல் தானாகப் படியும் அந்தக் கருஞ்சிவப்புத் தோல்தான் எங்களுக்கு உயிர். லண்டன் ஏலத்தில் இதைக் காட்டினால் விலையில் பாதியைக் குறைத்துவிடுவார்கள். அம்மாவிடம் "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்றேன். பொய் இல்லை, இத்தனை வருடம் பழைய பாத்திரக்காரனுக்குப் போடாமல் வைத்திருக்கிறாரே.

தகர டப்பாவைக் கையில் எடுக்கத் தயங்கினேன். குலுக்கினால் உள்ளே ஏதோ ஆடுகிறது. பழைய கேப் என்றால் அது வெடிபொருள், சட்டப்படியும் அப்படித்தான். மூடியில் எலி பிரதர்ஸ், லண்டன் என்று அச்சு. அம்மா சிரித்துக்கொண்டே வாங்கித் திறந்தார். உள்ளே மூக்குத்தித் திருகாணிகள், ஒரு பழைய ஓட்டைக் காலணா. மாமியார் காலத்தில் இருந்து அதற்குத்தான் அந்த டப்பாவாம்.

ரிவால்வர் போன கதை சுருக்கமானது. வீரப்பன் தேடுதல் நடந்த வருடங்களில் இந்தப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் துப்பாக்கி என்ற பேச்சே ஆபத்து. லைசென்ஸ் புதுப்பிக்காமல் விட்டுப்போயிருந்தது. பெரியவரின் அப்பா ஏற்கெனவே பயந்த சுபாவம். ஒரு நாள் காலையில் துணியில் சுற்றி ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ரசீது பத்திரமாக இருக்கிறது. அதில் 'பழைய ரிவால்வர் 1, துருப்பிடித்தது' என்று மட்டும் இருக்கிறது.

சனி, அஞ்செட்டி

தேன்கனிக்கோட்டையில் இருந்து அஞ்செட்டிக்குக் காட்டுப் பாதை. பஸ் ஜன்னலில் இருந்து யானை தெரியுமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன், சாணம்தான் தெரிந்தது. ராகி அறுவடைக் காலம். பன்னேர்கட்டா பக்கத்தில் இருந்து கூட்டம் இறங்கிவிட்டது என்று கண்டக்டர் சொன்னார்.

இந்தப் பக்கம் வந்ததற்கு வேறு காரணம். கேப் துப்பாக்கி லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இங்கே இன்னும் வேலை செய்கிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விவசாயிக்கு லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அப்படிக் கொடுப்பது வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல் துப்பாக்கிக்கு. அதன் குதிரையும் முளையும் கேப்பும் 1850-களில் எப்படி இருந்தனவோ அப்படியேதான். லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளும் இந்த மலைகளில் நிறைய. அவற்றை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது தண்டோரா போடாத குறையாக அறிவிப்பதும், ராத்திரியில் ஊர்ப் பொது இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போவதும், அடுத்த நாள் பத்திரிகையில் வரிசையாக அடுக்கிப் படம் வருவதும் இங்கே வழக்கமான செய்தி.

லைசென்ஸ் உள்ள ஒருவரைத் தெரிந்தவர் மூலமாகப் பார்த்தேன். ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டுவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். துப்பாக்கியைக் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, அவராக எடுத்து வந்து திண்ணையில் படுக்க வைத்தார். தொடாமல் பார்த்தேன். முளையின் கோணம், குதிரையின் கிண்ணம் போன்ற நுனி, எல்லாம் என் நோட்டில் இருக்கும் விக்டோரியா காலத்துப் படங்களின் பங்காளி. கேப் வெடிக்கும்போது செப்புத் துண்டு கண்ணில் தெறிக்காமல் இருக்கத்தான் அந்தக் கிண்ணம்.

"இதை வெச்சு எதையும் சுடறதில்ல சார். பன்னி வந்தா மேல பாத்து ஒரு வெடி, அவ்ளோதான். ஆனைக்கு இது பட்டாசு மாதிரி, அது திரும்பிக்கூடப் பாக்காது" என்றார். அவருக்குப் பெரிய தலைவலி வேறு. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பார்லிமென்ட், சட்டசபை, பஞ்சாயத்து என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. "எலெக்ஷன் வருதுன்னு பன்னிக்குத் தெரியுமா சார்?"

அவரிடம் ஆடம்ஸ் ரிவால்வரின் படத்தைக் காட்டினேன். உருளையை உற்றுப் பார்த்துவிட்டு, "அஞ்சுலயும் மருந்து போட்டு ஒண்ணு பத்திக்கிட்டா மிச்சம் நாலும் பத்திக்காதா?" என்று கேட்டார். அசந்துவிட்டேன். இந்த ரிவால்வர்களின் பெரிய கோளாறே அதுதான். ஒரு அறையின் நெருப்பு பக்கத்து அறைக்குத் தாவி எல்லாம் ஒன்றாக வெடிக்கும். அதைத் தடுக்கக் குண்டின்மேல் கொழுப்பு தடவினார்கள். அளவான குண்டு, இறுக்கமான கேப் என்று ஏகப்பட்ட ஜாக்கிரதைகள். புத்தகத்தில் படித்துத்தான் எனக்குத் தெரியும். இவருக்குக் கருமருந்தின் குணம் கையோடு தெரிந்திருக்கிறது. சேகரிப்பாளர் கூட்டங்களில் ஆயிரம் படம் பார்த்தவர்கள்கூட இந்தக் கேள்வியை முதலில் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஞாயிறு, போச்சம்பள்ளி

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போகாமல் இந்த மாவட்டத்தை விட்டுப் போவது பாவம். மாடு, ஆடு, கோழி, தானியம், கத்தி, கடப்பாரை, துணி எல்லாம் கிடைக்கும். பழைய இரும்புக்காரர்கள் வரிசையில் எடைக்கல்லும் பூட்டும்தான் அதிகம். என் சாமான் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு வியாபாரி விடவில்லை. நான் தேடுவதைக் கேட்டுவிட்டு ஓரமாகக் கூப்பிட்டு ஃபோனில் படம் காட்டினார். "அண்ணா, திப்பு சுல்தான் ரிவால்வர். ஒரிஜினல். பாருங்க, உருளையில திப்புவோட கப்பல் படையே செதுக்கியிருக்கு." விலை சொன்னார். இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது.

திப்பு இறந்தது 1799 மே 4. சாமுவேல் கோல்ட் பிறந்தது 1814. பதினாறு வயதில் அவர் கல்கத்தாவுக்கு வந்த கப்பலில் வேலை பார்த்தபோது மரத்தில் ரிவால்வர் மாதிரி ஒன்றைச் செதுக்கினார் என்பார்கள். இந்தியாவுக்கும் கோல்ட்டுக்கும் சம்பந்தம் வேண்டுமென்றால் அது ஒன்று போதுமே, திப்புவை எதற்கு இழுக்க வேண்டும்? படத்தைப் பெரிதாக்கினேன். கப்பல் படை இருந்தது உண்மைதான். கோல்ட் நேவி ரிவால்வரின் உருளையில் டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதும் காட்சி இருக்கும், ஆர்ம்ஸ்பி என்பவர் செய்த அச்சில் இருந்து உருட்டிப் பதித்தது. அதன் ஓரத்தில் சண்டை நடந்த தேதி, 16 மே 1843 என்று இருக்கும். இந்த நகலைச் செய்தவன் தேதியையும் விடாமல் காப்பி அடித்திருந்தான்.

சட்டகத்தில் இருந்த திருகாணியின் தலை இன்னும் தமாஷ். ஸ்டார் ஸ்குரூ. அது புழக்கத்துக்கு வந்தது 1930-களில். அப்புறம் உருளையின் அறைகள் ஆழமே இல்லாமல் சும்மா குழி பறித்த மாதிரி. ஹாலில் மாட்டி வைக்கும் அலங்காரச் சாமான், அவ்வளவுதான்.

"தேதி 1843-னு போட்டிருக்கே அண்ணே" என்றேன். கொஞ்சமும் அசராமல், "அது பில் நம்பர்ணா" என்றார். இந்தப் பதிலுக்காகவே ஏதாவது வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது. அவரிடம் ஒரு பழைய நாமக்கல் பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அசல் கோல்ட் பார்க்கக் கிடைத்தால் நான் முதலில் தேடுவது எண்களை. குழல், சட்டகம், விசைக் காப்பு, கைப்பிடிப் பட்டை, உருளை எல்லாவற்றிலும் ஒரே வரிசை எண் இருந்தால் அது பிறந்த மேனிக்கு இருக்கிறது என்று அர்த்தம். லண்டன் தயாரிப்பு என்றால் குழலின்மேல் கோல்ட்டின் பெயரோடு லண்டன் என்றும், கிரீடத்துக்குக் கீழே எழுத்து வைத்த லண்டன் சோதனை முத்திரையும் இருக்கும். விசைக் காப்பு பெரும்பாலும் இரும்பு. அமெரிக்கத் தயாரிப்பில் பித்தளை. பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தில் செய்த நகல்களும் நிறைய உலவின. அவற்றில் அந்த ஊர் முத்திரை இருக்கும். அவையும் அதே காலத்துச் சரக்கு என்பதால் நான் அவற்றை மட்டமாக நினைப்பதில்லை. சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

திங்கள், கிருஷ்ணகிரி

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் சையத் பாஷா மலை. 1791 நவம்பரில் கும்பெனியின் மேக்ஸ்வெல் படை கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு, மேல்கோட்டையில் ஏற முடியாமல் அடி வாங்கித் திரும்பியது இங்கேதான். ஏறிப் பார்த்தால் ஏன் என்று முட்டி சொல்லும்.

மத்தியானம் ராயக்கோட்டைப் பேரன் வந்தான். அந்த ரிவால்வர் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் அவன் கேள்வி. ஒப்படைத்த ஆயுதங்கள் கணக்கெடுத்து மேலே போகும், பெரும்பாலும் கடைசியில் உருக்கி அழிக்கப்படும். அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஊரில் துப்பாக்கி குறைவது நல்லதுதான். ஆனால் உலையில் போடுவதற்கு முன் தொல்பொருள் தெரிந்த ஒருவர் அந்தக் குவியலை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வழி வேண்டும். குழலையும் உருளையின் அறைகளையும் திரும்பச் சரிசெய்ய முடியாதபடி எஃகு வைத்துப் பற்றவைத்து அடைத்துவிட்டால் எந்த ரிவால்வரும் காகிதம் அமுக்கும் இரும்புத்துண்டுதான். அப்படி அடைத்து மாவட்ட அருங்காட்சியகத்தில் நடுகல் பக்கத்தில் வைக்கலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. நூறு வருடம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது என்று 1972-லேயே தொல்பொருள் சட்டம் போட்டிருக்கிறோம். உள்நாட்டிலேயே உருக்குவதற்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குச் சொல்லி அனுப்ப இரண்டு விஷயம் கொடுத்தேன். குடுவையை இனிமேல் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பெட்டியைப் பரணில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில், கரையான் ஏறாதபடி சுவரை விட்டுத் தள்ளி வைக்கவும். முதலாவதை அம்மா கேட்க மாட்டார், தெரியும். பெட்டியை எனக்கு விலைக்குத் தருவார்களா என்ற கேள்வியே எழவில்லை, நானும் கேட்கவில்லை. லேபிள், தடுப்பு அளவு, லைசென்ஸ், பெரியவர் சொன்னது எல்லாம் நோட்டில் வந்துவிட்டன.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினோம். ரசீது எண், தேதி, ஸ்டேஷன் முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கின்றன. ரிவால்வர் இப்போது எங்கே, அழிக்கப்பட்டிருந்தால் எந்த உத்தரவின்படி, அழிக்கும் முன் எடுத்த பட்டியலில் வரிசை எண் ஏதாவது குறிக்கப்பட்டதா என்று கேட்டிருக்கிறோம். விண்ணப்பதாரர் இடத்தில் பெரியவர் கையெழுத்து வேண்டும். பேரன் இன்று ராத்திரி வாங்கி நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவான். பதில் வர முப்பது நாள் கெடு. வந்ததும் எழுதுகிறேன்.